புவியியல் படித்தவளுக்குக் கடன் பிரிவில் என்ன வேலை?

மலையகத்தில் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் ஊரே கேட்பது ஒன்றைத்தான்: "நியமனம் எப்ப வருது?" நியமனம் என்றால் அரச நியமனம், அதிலும் ஆசிரியர் நியமனம். நான் பேராதனையில் புவியியல் சிறப்புப் பட்டம் முடித்து மஸ்கெலியாவுக்குத் திரும்பியபோது, பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பெரியம்மாவிலிருந்து கோயில் தலைவர் வரைக்கும் எனக்கு எந்தப் பாடசாலை கிடைக்கும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனியில் கடன் உத்தியோகத்தராகச் சேரப்போகிறேன் என்றதும் அம்மா பயந்துபோனார். எங்கள் தோட்டத்தில் 'பினான்ஸ்' என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று தவணை கேட்கிற ஆள். "படிச்ச புள்ள, வீடு வீடா போயி காசு கேக்கப் போறியா?" என்றார்.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

இப்போது கொழும்பில், வேறொரு நிறுவனத்தின் கடன் இடர் முகாமைத்துவப் பிரிவில் இருக்கிறேன். கொடுத்த கடன் திரும்ப வருமா என்று கணிக்கிற பிரிவு அது. ஏ.எல்.லில் வர்த்தகப் பிரிவு படித்தவள் அல்ல நான். ஐந்தொகை (ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் கூற்று) என்றால் என்னவென்று பட்டம் வாங்கிய பிறகுதான் தெரியும். ஊரிலிருந்து தம்பி தங்கைகள் அடிக்கடி செய்தி அனுப்புகிறார்கள். "அக்கா, நான் கலைப்பிரிவு. பேங்க், பினான்ஸ் பக்கம் வரலாமா? சீமா செய்யவா, ஏசிசிஏ செய்யவா?" அவை இரண்டும் பிரித்தானியக் கணக்கியல் தகைமைகள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என் பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் உள்ளே வாருங்கள். வாசல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கையில் காசு புரளாத நேரத்தில் ஸ்டேர்லிங் பவுணில் கட்டணம் கட்டுகிற பரீட்சையைத் தொடங்கிவிட்டு நடுவில் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது பவுணும் கூடவே ஏறியது, அதே பாடத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட முடியாமல் என் சிநேகிதி ஒருத்தி பாதியில் விட்டாள். அவள் கெட்டிக்காரிதான், வீட்டில் காசு இல்லை.

உள்ளே வருவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நேர்முகப் பரீட்சையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கிளை முகாமையாளர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, புவியியலா என்று ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மஸ்கெலியாவில ஒருத்தர் ஓட்டோவுக்கு லீசிங் கேட்டு வாறார். மாசம் எவ்வளவு உழைப்பார்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"எந்த மாசத்துல சேர்?" என்று கேட்டேன்.

கெட்டித்தனம் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாதம் வெசாக் போயாவோடு முடியும். அந்த மாதங்களில் மஸ்கெலியாவுக்கும் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கும் நடுவில் இரவு பகல் பார்க்காமல் ஹையர். மே முடிந்து தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் அந்தப் பாதையில் ஆளைக் காண முடியாது. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற மாத ஹையர், ஆஸ்பத்திரிக்கு ஒரு ஓட்டம், சம்பள நாளில் டவுனுக்குப் போய் வருகிறவர்கள், அவ்வளவுதான். மார்ச் மாத வருமானத்தைப் பார்த்துப் பன்னிரண்டால் பெருக்கினால், ஜூலையில் தவணை கட்ட முடியாத ஓர் ஆளுக்குத்தான் நீங்கள் கடன் கொடுத்திருப்பீர்கள். இதை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, தடுமாறித்தான் சொன்னேன். ஆனாலும் அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

இதற்குப் பெயர் காசுப்பாய்ச்சல் பகுப்பாய்வு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. வர்த்தகம் படித்த பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும். நமக்குச் சங்கதி தெரியும், அதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியாது. எழுதக் கற்றுக்கொள்ளலாம். நல்லதண்ணிப் பாதையில் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்பதை கொழும்பில் இருந்துகொண்டு கற்பது கஷ்டம்.

வேலையில் சேர்ந்த பிறகு என்னைக் கந்தப்பளை, இராகலை பக்கம் போட்டார்கள். கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு. அங்கேதான் நான் உண்மையில் படித்தது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விதை, உரம், மருந்து, கூலி எல்லாவற்றுக்கும் கடன் எடுக்கிற ஒரு கரட் விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். கரட் கைக்கு வர மூன்று, மூன்றரை மாதம் ஆகும். எங்கள் கடனோ மாதத் தவணைக் கடன். முதல் மாதத் தவணையை அவர் எங்கிருந்து கட்டுவார்? எங்களிடம் வாங்கிய கடனிலிருந்தே எடுத்துக் கட்டுவார். உரத்துக்கென்று வைத்திருந்த காசு அது. இரண்டாம் மாதம் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகும். மூன்றாம் மாதம் மரக்கறி வாங்குகிற முதலாளியிடம் கைமாற்று, அந்த முதலாளிக்கே கரட்டைக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அறுவடை வருகிற நேரம் விலை பேசுகிற உரிமை அவர் கையில் இருக்காது. எங்கள் கணினியில் அவர் 'தாமதமாகக் கட்டுபவர்'. அவர் என்னிடம் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: "கரட் எடுத்தோடன கட்டிர்றேன் மிஸ்." எடுத்தவுடன் கட்டவும் செய்தார்! பாதிப்பேர் அப்படித்தான். கட்ட மனம் இல்லாமல் அவர்கள் பிந்தவில்லை. எங்கள் தவணை அட்டவணையும் அவர்கள் மண்ணும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே மழைக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கரட் போடுவார்கள், எல்லோருடைய லொறியும் ஒரே வாரத்தில் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும், விலை எல்லோருக்கும் சேர்ந்தே விழும். ஆகவே ஒரு கிளை நாற்பது கரட் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து ஆபத்தைப் பரப்பிவிட்டதாக நினைத்தால், அது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது. இடர்ச் செறிவு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம் இது. எனக்கு அது இராகலைச் சந்தியில் கோணிப்பைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது புரிந்தது.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி முகாமையாளரிடம் கொடுத்தேன். மாதாமாதம் வட்டியை மட்டும் வாங்குவோம், முதல் தொகையை அறுவடைக்குப் பிறகு ஒன்றாக வாங்குவோம் என்று. அவர் திருத்தி, ஆங்கிலத்தில் மாற்றி, பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பினார். சின்ன அளவில் செய்துபார்க்க அனுமதி வந்தது. தோட்டத் தொழிலாளர் கடன்களிலும் இதே கதைதான். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. எங்கள் தவணைத் திகதி மாதக் கடைசி. கடைசியில் கட்டாதவர்கள் பட்டியல் சிவப்பாக எரியும், பன்னிரண்டாம் திகதி தானாக அணையும். திகதியை மாற்றினோம், வேலை முடிந்தது. இதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை, சம்பள நாள் எதுவென்று தெரிந்தால் போதும்.

இதுவரைக்கும் நம் பக்கத்துப் பலம். இனி இல்லாததைப் பற்றி.

கணக்கியல் இல்லாமல் களத்திலிருந்து மேலே ஏற முடியாது. ஏஏடி ஸ்ரீலங்கா என்ற அடிப்படைக் கணக்கியல் தகைமையின் பரீட்சைகளைத் தமிழ் மொழியிலேயே எழுதலாம். வர்த்தகப் பிரிவு படிக்காதவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். வார இறுதியில் ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறிப் போய் வகுப்பில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஏ.எல். எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் பரீட்சை மீதியைப் பத்து நிமிடத்தில் சமப்படுத்துவார்கள், நான் பெறுமானத் தேய்வை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது. பேரேடு பழகப் பழக அது போய்விட்டது. முதலில் எக்செல், பிறகு கணக்கியல் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எந்தக் கணக்கு எங்கே போகிறது என்று தெரியாதவருக்கு எக்செல் வெறும் கட்டம் போட்ட தாள்.

ஆனால் எக்செலில் ஒரு காரியத்தை மட்டும் இன்றைக்கே செய்துபாருங்கள். 100,000 ரூபா கடன், 12 மாதம், ஆண்டுக்கு 24 வீதத் தட்டை வட்டி, அதாவது கடைசிவரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி. வட்டி 24,000. மாதத் தவணை 10,333 ரூபா சொச்சம். கேட்பவருக்கு 24 வீதம் என்றுதான் காதில் விழும். ஆனால் மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டே வருகிறதே! குறைந்துவரும் மீதிக்குத்தான் வட்டி என்று கணக்கிட்டால் அது என்ன வீதம்? 'ரேட்' என்ற செயற்பாட்டில் 12, தவணை (முன்னால் கழித்தல் குறியோடு), கடன் தொகை மூன்றையும் போடுங்கள். மாதத்துக்கு 3.475 வீதம் வரும், ஆண்டுக்கு ஏறக்குறைய 41.7 வீதம். நான் இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவு, எங்கள் லயத்தில் யார் யார் எந்தெந்தக் கடன் எடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். இந்தத் துறையில் வேலை செய்கிறவள் இதை எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதவேண்டும். விலை தெரியாமல் விற்கிறவளாக இருப்பதைவிட இது மேல்.

அடுத்து ஆங்கிலம். கடன் குழுவுக்குப் போகிற பத்திரம் ஆங்கிலத்தில்தான். பேச்சு ஆங்கிலத்தை நான் இன்னும் பயந்து பயந்துதான் பேசுகிறேன், அதை விடுங்கள். நிதி ஆங்கிலம் வேறு. அதில் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும். நான் அதைக் கற்றது பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறின அல்லவா, அவற்றில் பல கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கின்றன. ஆண்டறிக்கையைச் சந்தையின் இணையத்தளத்திலிருந்து யாரும் இலவசமாக இறக்கலாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களை வைத்திருக்கிற கம்பனியின் அறிக்கையைத்தான் முதலில் எடுத்தேன். தெரிந்த ஊர்ப் பெயர்கள் வருவதால் தூக்கம் வரவில்லை, அதுதான் காரணம்.

அந்த அறிக்கையில் ஓய்வுகாலக் கொடுப்பனவுக்கான பொறுப்பு என்று ஒரு குறிப்பு வரும். பாருங்கள், அதற்குள் உங்கள் அம்மா இருப்பார். பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தது. நாட்சம்பளக்காரருக்குச் சேவையாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி 14 நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒருவருக்கு, நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வைத்தால் 420,000 ரூபா. 1,350 என்று வைத்தால் 567,000. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனபோது, இனி வரப்போகிற வருடங்களுக்கு மட்டும் அல்ல, ஏற்கெனவே பறித்து முடித்த முப்பது வருடத்துக்கும் சேர்த்துக் கம்பனியின் பொறுப்பு ஒரே அடியாக உயர்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தைகளில் கம்பனிகள் ஏன் அவ்வளவு முரண்டு பிடிக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் சொல்வது எல்லாம் சரி என்று சொல்லவில்லை. அதே அறிக்கையில் முகாமைக் கட்டணம் எவ்வளவு, பங்கிலாபம் எவ்வளவு என்றும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் படியுங்கள். தொழிற்சங்கத்தில் இருக்கிற மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "இதெல்லாம் நீ எங்க படிச்ச?" என்றார். பகிரங்கமாகத்தான் கிடக்கிறது மாமா, யாரும் திறந்து பார்ப்பதில்லை என்றேன்.

அம்மாவின் சம்பளத் துண்டும் இப்படித்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 வீதம், கம்பனி தன் பக்கத்திலிருந்து அதற்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டும். அம்மாவின் சம்பளத்திலிருந்து போவது அந்த 8 வீதம், சங்கச் சந்தா, கோயில் காசு, தீபாவளி முற்பணக் கழிவு. இந்தக் கழிவுகளுக்குப் பிறகு கையில் என்ன நிற்கிறது என்று சின்ன வயதிலிருந்தே கணக்குப் பார்த்த பிள்ளைகள் நாம்.

2022 எங்கள் துறையில் எல்லோரையும் சோதித்துவிட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. அதற்கு முந்திய வருடமே இரசாயன உரத்தடை கரட்டையும் கொழுந்தையும் அடித்திருந்தது. ஓட்டோக்காரர்களுக்கு எரிபொருள் அட்டை வந்தபோது ஆரம்பத்தில் வாரத்துக்கு 5 லீற்றர். 5 லீற்றரில் எத்தனை ஹையர் ஓடும், அதில் எப்படி லீசிங் கட்டுவது? அந்த மாதங்களில் களத்தில் பட்ட பேச்சுகளை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் தலைமை அலுவலகத்தில் கணிப்பு மாதிரிகளை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, யார் மீண்டு வருவார், யார் வரமாட்டார் என்று சொல்லக் களத்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். கடன்களை மூன்று நிலைகளாகப் பிரித்து, பொதுவாக 90 நாள் தாண்டியதை மூன்றாம் நிலையில் வைத்து, எதிர்பார்க்கும் நட்டத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்கிறது எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற கணக்கீட்டு நியமம். 90 நாள் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கரட் எடுத்ததும் கட்டப்போகிறவரும், ஓட்டோவை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போனவரும் ஒரே ஆள் அல்ல.

அப்படித்தான் இடர்ப் பிரிவு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. அடுத்த வருடம் இப்போதைய நிறுவனத்தில் வெற்றிடம் வந்தபோது விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு ஏஏடி சான்றிதழோடு, அந்தக் கரட் பக்கத்தையும் கொண்டுபோனேன். கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன.

ஒரு எச்சரிக்கை. களத்து வேலை நல்ல வாசல், மோசமான வீடு. இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தால், வசூல் இலக்கு என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்க விடமாட்டார்கள். சம்பளத்தில் பாதி ஊக்கத்தொகையாக இருக்கும், அதை விட்டுப் போக மனம் வராது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சில தொல்லைகள், மாலை ஆறு மணிக்குப் பிறகு மலைப்பாதையில் தனியாக வசூலுக்கு அனுப்பினால் முடியாது என்று சொல்லுங்கள். நான் சொன்னேன். முகம் சுளித்தார்கள், வேலை போகவில்லை.

சிஎஃப்ஏ என்ற முதலீட்டுப் பகுப்பாய்வுப் பட்டயம் பற்றியும் கேட்கிறார்கள். எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம், புவியியலும் சரி, தமிழும் சரி. ஆனால் பரீட்சைகள் முடித்தாலும் பட்டயம் கிடைக்க குறைந்தது 36 மாதத்தில் 4,000 மணிநேரத் தொடர்புடைய வேலை அனுபவம் வேண்டும். அங்கேயும் வேலைதான் முதலில் வருகிறது. நான் இப்போதுதான் முதல் நிலைக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன், நிறுவனம் கட்டணத்தில் ஒரு பங்கு தருகிறது.

புவியியல் வீணாய்ப் போனதா என்று பேராதனை நண்பர்கள் கிண்டலாகக் கேட்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு யாரும் கேட்பதில்லை. அந்த வாரம் எங்கள் பிரிவில் எல்லோரும் கிளை வாரியாகக் கடன் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளை இருக்கிற டவுனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கடன் எடுத்தவர் வீடு சரிவில் இருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்து, கடனாளிகளின் முகவரிகளை அதன்மேல் போட்டு யாருக்கு முதலில் தவணைச் சலுகை கொடுக்கவேண்டும் என்று வரிசைப்படுத்தினோம். பல்கலைக்கழகத்தில் வரைபடவியல் பாடத்தில் செய்த அதே வேலை. முகவரியில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு தோட்டப் பிரிவும் லயத்தின் இலக்கமும் எழுதாத படிவங்கள்தான் பெரிய தலைவலி. யாராவது கடன் உத்தியோகத்தர் இதைப் படித்தால், தயவுசெய்து மேல்பிரிவா கீழ்ப்பிரிவா என்றாவது எழுதுங்கள்.

கடைசியாக, எனக்கு சிவி அனுப்புகிறவர்களுக்கு. உங்களுக்கு எங்கேயாவது சொல்லிவிட என்னால் முடிந்தால் சொல்கிறேன், ஆனால் சிவியோடு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊரில் ஒரு தொழிலை எடுங்கள். வெலிமடை உருளைக்கிழங்கு, மாத்தளை மிளகு, பதுளையில் ஒரு சில்லறைக் கடை, எதுவானாலும். காசு எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் போகிறது, எது நடந்தால் எல்லாருக்கும் ஒன்றாக அடி விழும், அந்த ஆளுக்கு எப்படித் தவணை போட்டால் கட்டுவார். அந்தத் தொழில் செய்கிற ஒருவரிடமாவது போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும், ஆங்கிலத்துக்கு மாற்றுவதைச் சேர்ந்து செய்துகொள்ளலாம்.